அரசு உதவித்தொகையில் படிக்கும் முதலாண்டு மாணவர்களுக்குப் பண ஆலோசனை: ஒரு மணி நேரத்தில் எதைச் சொல்ல வேண்டும்?

கேட்டவர்: உமா_தருமபுரி

அனைவருக்கும் வணக்கம். சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவித்தொகைப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. முதலாண்டு அறிமுக வாரத்தில் பணம் பற்றிப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஓர் அரசு உதவியோடு வருகிறவர்கள்: புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் (மாணவிக்கும் மாணவருக்கும் மாதம் ஆயிரம் ரூபாய்), ஆதிதிராவிடர் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகை), முதல் பட்டதாரி சலுகை (குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கு). சிலருக்கு இவற்றோடு கல்விக்கடனும் உண்டு. பல வீடுகளில் கூலி வருமானம்தான். முப்பதாயிரம் ரூபாய் மொத்தமாகக் கணக்கில் ஏறுவதை அந்த வீடு அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கும்.

'சிக்கனமாக இருங்கள், சேமியுங்கள்' என்ற பேச்சு வேண்டாம். மாதம் ஆயிரம் வாங்கும் பிள்ளையிடம் சம்பளக்காரருக்கான சேமிப்புக் கணக்கைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? எங்கே மாட்டிக்கொள்கிறார்கள், அதற்கு முன்பே என்ன செய்து வைக்கலாம் என்பதுதான் தேவை. மூன்று கேள்விகள்:

போஸ்ட் மெட்ரிக் பணம் வீட்டுச் செலவில் கரைந்து, கல்லூரிக் கட்டணம் பாக்கி நிற்பதை எப்படித் தடுப்பது? உதவித்தொகைத் தளத்தில் 'பணம் அனுப்பப்பட்டது' என்று காட்டியும் கணக்கில் வராதவர்களுக்கு என்ன வழி? உதவித்தொகை இருக்கும்போது கடனும் வாங்கலாமா, எவ்வளவு?

பதில்: செங்காந்தள்

மேடம், முதல் இருபது நிமிடத்தை ஒரே விஷயத்துக்குக் கொடுங்கள். எந்தப் பணம் யாருடையது, எப்போது வரும் என்பதுதான் அது. மற்றதெல்லாம் பிறகு.

முதல் பட்டதாரி சலுகை பணமாக வராது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தவருக்கு, சுயநிதிக் கல்லூரி என்றால் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கேட்க வேண்டும். 'எனக்கு இன்னும் வரவில்லையே' என்று கணக்கைப் பார்த்துக் காத்திருக்கும் பிள்ளைகள் எல்லா ஆண்டும் உண்டு. கட்டண ரசீதைப் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்கு இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அவர்கள் வீட்டில் யாரும் இதற்காகக் கடன் தேடக் கூடாது.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபாய் மாணவருடைய பணம். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் உண்டு. இதைச் சத்தமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் 'ஒன்றுதான் கிடைக்கும்' என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி என்றால் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும்.

சிக்கல் எல்லாம் போஸ்ட் மெட்ரிக்கில்தான். பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் ஆதிதிராவிடர் மாணவருக்கு இதில் இரண்டு பங்கு சேர்ந்து வருகிறது. ஒன்று கல்லூரிக் கட்டணம். இன்னொன்று மாணவர் கைச்செலவுக்கான கல்விப்படி. 2021 வழிகாட்டு நெறிமுறையில் பொறியியல் முதல் பிரிவு: விடுதியில் தங்குவோருக்கு ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து வருவோருக்கு 7,000. சாதாரண பி.ஏ., பி.எஸ்சி. மூன்றாம் பிரிவு: 6,000, 3,000. மாற்றுத்திறனாளிகளுக்குப் பத்து சதவீதம் கூடுதல்.

செலவை மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பகிர்கின்றன. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே மத்திய பங்கு வரும், அதுவும் நேராக மாணவர் கணக்குக்கு. கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். கட்டணம் 50,000, படி 7,000, மொத்தம் 57,000. இதில் 60 சதவீதம் 34,200. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் '34,200 வரவு' என்று மட்டும்தான் இருக்கும். அதில் 30,000 கல்லூரியுடையது, 4,200தான் மாணவருடையது. இந்தப் பிரிவினை எங்கேயும் எழுதப்படாததால்தான் வீட்டில் அத்தனையும் 'பிள்ளைக்கு அரசாங்கம் கொடுத்த பணம்' ஆகிவிடுகிறது. இதில் பெற்றோர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

எனவே சேர்க்கையின்போதே ஒவ்வொருவருக்கும் பெயரோடு ஒரு தாள் கொடுங்கள்: இந்த ஆண்டுக் கட்டணம் இவ்வளவு, அரசுப் பங்கு வந்தால் கல்லூரிக்குக் கட்ட வேண்டியது இவ்வளவு, உங்களுக்கு இவ்வளவு. அலுவலக முத்திரையோடு இருக்கட்டும், தமிழில் இருக்கட்டும். அந்தத் தாள் வீட்டில் காட்டத்தான். 17 வயதுப் பிள்ளை அப்பாவிடம் 'இதை எடுக்காதீங்க' என்று வாயால் சொல்வது கடினம். தாளைக் காட்டுவது அவ்வளவு கடினமில்லை.

அடுத்தது காலம். கட்டணம் ஜூலை, ஆகஸ்டில் கேட்கப்படும். பணம் பெரும்பாலும் நிதியாண்டு முடியும் தறுவாயில் வரும். இடையில் இருக்கும் ஏழெட்டு மாதத்தில்தான் வட்டிக்காரர் வீட்டுக்குள் வருகிறார். பத்தாயிரத்தை அஞ்சு வட்டிக்கு வாங்கினால் மாதம் 500. எட்டு மாதத்தில் 4,000. வரப்போகிற 7,000 படியில் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விட்டது. அதே வழிகாட்டு நெறிமுறையில் கட்டண விலக்கு அட்டை என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது: தகுதியுள்ள மாணவரிடம் முன்பணம் கேட்காமல் சேர்த்துக்கொண்டு, உதவித்தொகை வந்தபின் கட்டணத்தை வாங்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். உங்கள் நிர்வாகம் இதை முழு மனதோடு பின்பற்றினால் ஆலோசனையில் பாதி வேலை முடிந்தது.

பதில்: கிளை_மேசை

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வங்கிப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

'ஆதாரைக் கணக்கில் இணைச்சாச்சு' என்று மாணவர் சொன்னால் நம்ப வேண்டாம். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது ஒரு வேலை. என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பை நடத்தும் நிறுவனம்) பட்டியலில் 'இந்த ஆதாருக்கு வரும் அரசுப் பணம் இந்த வங்கிக்கு' என்று பதிவது வேறு வேலை. இரண்டாவதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். ஓர் ஆதாருக்கு ஒரே நேரத்தில் ஒரு வங்கிதான். கடைசியாகப் பதிந்தது எதுவோ அங்கேதான் பணம் போகும். பள்ளியில் ஒரு வங்கி, ஊரில் ஜன்தன் கணக்கு, கல்லூரிக்கு வந்ததும் வளாகத்துக் கிளையில் இன்னொன்று என்று மூன்று கணக்கு இருக்கும். பிள்ளை ஒரு பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பணம் வேறொன்றில் போய் உட்கார்ந்திருக்கும்.

பார்ப்பது சுலபம். 'மை ஆதார்' தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து நுழைந்தால் 'வங்கி இணைப்பு நிலை' என்ற பகுதியில் வங்கியின் பெயர், நடப்பில் இருக்கிறதா, எந்தத் தேதியில் பதிந்தது என்று வரும். உங்கள் ஒரு மணி நேரத்திலேயே எல்லோரையும் கைப்பேசியில் இதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வேறு வங்கி காட்டினால் பதற வேண்டாம், அந்தக் கணக்கு உயிரோடு இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஓடிபி வராதவர்களுக்கு ஆதாரில் பழைய கைப்பேசி எண் இருக்கும். அதை முதலில் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, 'சிறு கணக்கு'. முழு கேஒய்சி (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) இல்லாமல் திறந்த கணக்கில் மாதத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் எடுக்கவோ அனுப்பவோ முடியாது. செங்காந்தள் சொன்ன 30,000-ஐக் கல்லூரிக்குக் கட்ட மூன்று மாதம் ஆகும்! கல்லூரியில் தாமதம் என்பார்கள், வீட்டில் மிச்சப் பணம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஆதார், பான் (இல்லையென்றால் படிவம் 60), புகைப்படத்தோடு கிளைக்குப் போய் முழு கேஒய்சி ஆக்கச் சொல்லுங்கள். பள்ளியில் திறந்த மைனர் கணக்குக்கும் 18 முடிந்ததும் இதே வேலை உண்டு: புதிய கையெழுத்து, புதிய ஆவணங்கள்.

மூன்றாவது, பெயர். நம் ஊரில் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சமில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கவிதா ர', ஆதாரில் 'கவிதா ரமேஷ்', பாஸ்புக்கில் 'ஆர் கவிதா'. கண்ணுக்கு ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அளவுகோலாக வைத்து மற்றதைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால் அவசரப்பட்டு மாற்றக் கூடாது. 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகைப் புதுப்பிப்பைச் செய்யாதவர்களுக்குக் கைரேகை சரிபார்ப்பு தோற்றுப்போகும். அதையும் கேட்டு வையுங்கள்.

கணக்கு மாணவரின் தனிப்பெயரில் இருக்கட்டும். அப்பாவோடு கூட்டுக் கணக்காக இருந்து, அப்பாவுக்கு அதே வங்கியில் கடன் நிலுவை இருந்தால் தேவையில்லாத வம்பு. மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்திருந்தால் அது திருட்டு இல்லை, ஜீவன் ஜோதி, சுரக்‌ஷா காப்பீட்டுப் பிரிமியம். வேண்டாம் என்றால் கிளையில் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கடைசியாக ஒன்று, இதைத் தவறாமல் செய்யச் சொல்லுங்கள்: உதவித்தொகைக் கணக்கில் யுபிஐ இணைக்க வேண்டாம். அன்றாடச் செலவுக்கு இன்னொரு கணக்கு, யுபிஐ அதில் மட்டும். உதவித்தொகைக் கணக்கிலிருந்து மாதம் ஒரு தொகையை அதற்கு மாற்றிக்கொள்ளட்டும். புதிய கணக்கு திறக்கும்போது அரசுப் பணத்துக்கான ஒப்புதல் கட்டத்தில் மட்டும் டிக் செய்துவிடக் கூடாது, செய்தால் அடுத்த மாதத்திலிருந்து பணம் அங்கே போய்விடும். ஆயிரம் ரூபாய் வாங்குகிறவர்கள் அதில் 300 ரூபாய்க்கு ஆறு மாத ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டால் 1,800 சேரும். செமஸ்டர் தேர்வுக் கட்டணத்தின்போது கை நீட்ட வேண்டியதில்லை.

பதில்: கடன்_கணக்கு

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: வாங்கலாம், ஆனால் உதவித்தொகை தராத பகுதிக்கு மட்டும். கட்டணம் முழுவதும் போஸ்ட் மெட்ரிக்கில் வரும் மாணவர் அதே கட்டணத்துக்குக் கடனும் போட்டால், வங்கி கல்லூரிக்குக் கட்டிவிடும், பிறகு உதவித்தொகை கணக்கில் வந்து செலவாகிவிடும், கடன் மட்டும் வளரும். இந்தச் சுழலில் விழுகிறவர்கள் நிறைய. விடுதி, புத்தகம், மடிக்கணினி, தேர்வுக் கட்டணம் இவற்றையும் கல்விக்கடனில் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. உதவித்தொகை உண்டு என்பதை விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

அடிப்படை விதிகள்: நான்கு லட்சம் வரை சொந்தப் பங்கு கட்ட வேண்டியதில்லை. அதற்கு மேல் இந்தியாவில் படிக்க ஐந்து சதவீதம், அதில் உதவித்தொகையையும் கணக்கில் சேர்க்கலாம். ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது; பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுவார். படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், தனிவட்டியாக. இந்த இடத்தில் மாணவர்கள் ஏமாந்துபோகிறார்கள். 'வேலைக்குப் போகும்வரை எதுவும் இல்லை' என்று கேட்டுவிட்டு, எதுவும் ஏறாது என்று புரிந்துகொள்கிறார்கள்.

கணக்கு போட்டுக் காட்டுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம், வட்டி 10 சதவீதம். முதல் லட்சத்துக்கு நான்காண்டு வட்டி 40,000, அடுத்தடுத்ததற்கு 30,000, 20,000, 10,000. ஆக ஒரு லட்சம். படிப்பு முடிந்த ஓராண்டுக்கு இன்னொரு 40,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000. பத்தாண்டில் கட்டினால் மாதம் 7,100 சொச்சம். வட்டி மானியம் (படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம்) கிடைத்திருந்தால் கடன் நான்கு லட்சமாகவே நிற்கும், தவணை 5,300-க்குள்.

அந்த மானியத்துக்கு நிபந்தனைகள்: குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள், தொழில்நுட்ப, தொழிற்படிப்பு, நாக் அங்கீகாரம் பெற்ற கல்லூரி அல்லது என்பிஏ அங்கீகாரம் பெற்ற படிப்பு (இரண்டும் கல்வித் தரத்தை மதிப்பிடும் அமைப்புகள்). இளநிலை, முதுநிலை இரண்டில் ஒன்றுக்குத்தான், ஒருமுறைதான். பாதியில் படிப்பை விட்டால் இல்லை. கை நழுவுவதற்குப் பெரும்பாலும் காரணம், வருமானச் சான்று வங்கிக் கோப்பில் இல்லாததுதான். மானியத்துக்கு மைய வங்கியாக இருப்பது கனரா வங்கி. மாணவர் கடன் வாங்கிய கிளைதான் அங்கே கோரிக்கையைப் பதிய வேண்டும். ஆகவே சான்றைக் கொடுத்துவிட்டு ஒப்புகை வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கடன் கணக்கு அறிக்கை வாங்கி மானியம் வரவு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்காம் ஆண்டு முடிவில் பார்த்தால் காலம் கடந்திருக்கும்.

2024 நவம்பரில் ஒப்புதலான பிஎம் வித்யாலட்சுமி கல்விக்கடன் திட்டம் பற்றியும் கேட்பார்கள். பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இல்லை. எட்டு லட்சம் வருமானம் வரை உள்ளவர்களுக்கான மூன்று சதவீத வட்டிச் சலுகை, வேறு அரசு உதவித்தொகை பெறுகிறவர்களுக்குக் கிடையாது. உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மானியத்துக்குத் தகுதி இல்லாதவர்கள் முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டட்டும். முதலாண்டில் ஒரு லட்சத்துக்கு மாதம் 833 ரூபாய்தான். விடாமல் கட்டுகிறவர்களுக்கு ஒரு சதவீத வட்டிச் சலுகை உண்டு, கிளையில் கேட்டுப் பெற வேண்டும்.

கேட்டவர்: உமா_தருமபுரி

மூவருக்கும் மிக்க நன்றி. அந்தத் தாளையும், கைப்பேசியில் வங்கி இணைப்பைப் பார்ப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். இரண்டாம் ஆண்டில் சிலர் கட்டணப் பங்கை ஏற்கெனவே செலவழித்துவிட்டு வகுப்புக்கு வரவே கூச்சப்படுகிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது? இன்னொன்று, செயலிக் கடன் வாங்குகிறவர்களை எப்படி அணுகுவது?

பதில்: செங்காந்தள்

செலவழித்தவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், மற்றவர் முன்னால் வேண்டவே வேண்டாம். முதல் வாக்கியமே 'இதற்காக நீ படிப்பை விட வேண்டியதில்லை' என்று இருக்கட்டும். வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டால் வருகைப் பதிவு போய், அடுத்த ஆண்டு உதவித்தொகையும் ஆபத்தில் விழும். 30,000 பாக்கியைவிட அது பெரிய இழப்பு.

பிறகு எழுத்துப்பூர்வமாகத் தவணை கேட்கச் சொல்லுங்கள்: முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம், தொகை, மாதத் தவணை, தேதி, பெற்றோர் கையெழுத்து. பத்து மாதம் என்றால் மாதம் 3,000. புதுமைப் பெண் ஆயிரத்தை இதற்கு ஒதுக்கினால் வீட்டில் 2,000 புரட்டினால் போதும். அதுவும் முடியாது, வீட்டில் கொஞ்சம் நகை இருக்கிறது என்றால் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ நகைக்கடன் வைக்கட்டும். ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று வைத்தால் 30,000-க்கு மாதம் 250 ரூபாய். அதே தொகைக்கு அஞ்சு வட்டி மாதம் 1,500.

நிர்வாகம் மூலச் சான்றிதழைப் பிடித்துவைத்து வசூலிக்க நினைத்தால் தடுங்கள். தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் விதிப்படி அப்படிச் செய்யக் கூடாது. அது மட்டுமல்ல, சான்றிதழ் கையில் இல்லாத பிள்ளைக்கு வேலையும் கிடைக்காது, பாக்கியும் வராது.

கூட்டத்துக்குப் பெற்றோரையும், முக்கியமாக அம்மாக்களையும், கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வைத்தால் கூலி போகாது.

பதில்: கிளை_மேசை

செயலிக் கடனுக்குப் புத்திமதி சொல்லாமல் கணக்கு போட்டுக் காட்டுங்கள். 3,000 கடன் என்பார்கள். 'பிராசசிங்' என்று பிடித்துக்கொண்டு 2,100 தருவார்கள். ஏழாம் நாள் 3,000 கேட்பார்கள். 2,100-க்கு ஒரு வாரத்தில் 900 ரூபாய், அதாவது வாரத்துக்கு 43 சதவீதம்! ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிப்படி எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி வீதத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும், கைப்பேசித் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் எடுக்கக் கூடாது. தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி கேட்கிற செயலியை அந்த இடத்திலேயே நீக்கிவிடச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு மிரட்டல் வருகிறது என்றால் திரைப்பதிவுகளைச் சேமித்துக்கொண்டு இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு செயலிக்குப் போவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

இதைவிட ஆபத்தான ஒன்றும் கல்லூரிகளைச் சுற்றி நடக்கிறது. 'உன் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடு, மாதம் ஐயாயிரம் தருகிறேன்' என்று சீனியர் வழியாகவோ டெலிகிராமிலோ கேட்பார்கள். மோசடிப் பணத்தைக் கடத்தத்தான் அந்தக் கணக்கு. எங்கோ வேறு மாநிலத்தில் ஒருவர் புகார் கொடுத்ததும் கணக்கு முடக்கப்படும். அதன்பின் உதவித்தொகை வந்தாலும் எடுக்க முடியாது. எந்தக் காவல் நிலையம் முடக்கச் சொன்னதோ அங்கிருந்து தடையின்மைக் கடிதம் வந்தால்தான் கிளையில் திறப்பார்கள். வழக்கில் பெயரும் சேரும். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர் இருந்தால் அன்றைக்கே கிளைக்குப் போய் கார்டை முடக்கி, இணைய வங்கிக் கடவுச்சொல்லையும் பதிந்த கைப்பேசி எண்ணையும் மாற்றி, நடந்ததை எழுத்தில் கொடுத்துக் கிளை முத்திரையோடு நகல் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.